தொள்ளாயிரம் எட்டு

தொலைநோக்கி வரவில்லை.
கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து கிடப்பதாக
ஒரு போன் மட்டும் வந்தது.

சரி, தலை இருக்கிறதே என்றேன்.
அவரவர் தலை அவரவர் பூமி.
மூக்கு நுனியில் நம் பள்ளிக்கூடம்.
மேசைமேல் எரியும் குண்டு பல்பு சூரியன்.
இடப்பக்கமாகத் திரும்புங்கள், மெதுவாக.
இடது கண்ணோரம் வெளிச்சம் கசிந்தால் விடியல்.
பல்பும் மூக்கும் நேருக்கு நேர் என்றால்
சாப்பாட்டு மணி.
வலது கண்ணோரம் நழுவினால் அந்தி.
பிடரியில் பல்பின் சூடு பட்டால்
இங்கே நடுச்சாமம்.

"எங்கப்பா இருக்கிற திருப்பூர்?"
நிரோஷன் கேட்டான்.
அதுவும் மூக்கு நுனிதான்.
"இதே நுனியா?"
இதே நுனி. ஒரு பருவின் அகலம்கூடத் தள்ளி இல்லை.
அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பதினேழு பூமிகள் கிறுகிறுத்துச் சுவரில் சாய்ந்தன.
ஜெனிலா வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.
"பூமி சுத்துறது இப்பத்தான் டீச்சர் தெரியுது"
என்றாள் வாயைத் துடைத்தபடி.

மறுநாள் சத்துணவு சமையலறையில்
சூரியனைக் கடன் வாங்கினேன்:
ஒரு முட்டைக்கோஸ்.
"பதினொன்றரைக்குள்ள திருப்பித் தந்திரணும், கூட்டுக்கு"
என்றார் மரகதமணி அக்கா.
பூமிக்கு ஒரு கடுகு.
வியாழனுக்கு நெல்லிக்காய்.
சனிக்குச் சின்ன வெங்காயம்,
உரிந்து தொங்கும் தோலோடு.
கடைசி இரண்டுக்கும் மிளகு.

முட்டைக்கோஸைக் கொடிக்கம்பத்து மேடையில் வைத்து
தூரங்களைச் சொன்னேன், என் எட்டுக் கணக்கில்.
முப்பதாவது எட்டில் பூமி.
பெள்ளிராஜ் கடுகைத் தொலைத்துவிட்டு
வெறும் விரல்களைக் குவித்து நின்றான்.
யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.
மைதானம் செவ்வாயோடு தீர்ந்துபோயிற்று.
வியாழன் கேட்டைத் தாண்டினான்.
சனி தேயிலைச் சரிவில் இறங்கினாள்.
யுரேனஸ் போகும் வழியில்
ஒற்றைக் காட்டுமாடு நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
யுரேனஸ் திரும்பி வந்து சனியிடமே நின்றுகொண்டது.
அறிவியலில் இதற்கு இடமில்லை என்று
எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நிரோஷன் மட்டும் மேல்பாதையில் சுற்றிப் போனான்.
தொள்ளாயிரம் எட்டு.
என் எட்டு வேண்டுமென்று
காலை அகட்டி அகட்டி வைத்தான்.
தொடை இழுத்திருக்கும்.

அப்போது மூடுபனி வந்தது.
முதலில் சரிவு போயிற்று,
பிறகு கேட், பிறகு வியாழன்.
முப்பதாவது எட்டிலிருந்து பார்த்தால்
சூரியனே இல்லை.
விசில் ஊதினேன். ஒவ்வொருவராக வந்தார்கள்,
முடியில் நீர்ப்பொட்டுகளோடு.
சனியின் தோல் எங்கோ விழுந்துவிட்டது.
மரகதமணி அக்கா வந்து சூரியனை எடுத்துப் போனார்.
தலையை எண்ணினேன். பதினாறு.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
குரல் அவ்வளவு தூரம் போய்ச் சேரவே
இரண்டு நொடி ஆகும் என்று மனம் கணக்குப் போட்டது.
நான்கு நொடி காத்திருந்தேன்.
நாற்பது.

பிறகு நானே எண்ணிக்கொண்டு நடந்தேன்.
எண்ணுவது ஒன்றுதான் கைப்பிடிக் கயிறாக இருந்தது.
அறுநூறில் காட்டுமாட்டின் சாணி, ஆவி பறக்க.
எண்ணூறில், பனிக்குள் எங்கோ
பெண்கள் பேசும் சத்தம்.
தொள்ளாயிரத்தில், இலை நிறுக்கும் ஷெட்டுக்கு முன்னால்
அவன் நின்றுகொண்டிருந்தான்.
அவன் அம்மா சாக்கை இறக்கி வைத்துவிட்டு,
"கூப்பிட்டா வரமாட்டேங்குறான் டீச்சர்,
நான் நெப்டியூன்ங்குறான்" என்றாள்.

ஏண்டா வரலை?
"ஒரு சுத்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருஷம்னு
நீங்கதானே சொன்னீங்க."

மூடிய கையைத் திறந்தான்.
மிளகைவிட அதன் தடம் பெரிதாக இருந்தது.

திரும்பும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.
அவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான்,
இப்போது தன் சொந்த எட்டில்.
கூட்டு வாசனை கேட்டுக்கு வெளியிலேயே வந்தது.
கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னான்:
"ஆயிரத்து நூத்தி எண்பது.
ரெண்டுல எது டீச்சர் சரி?"